ஸ்டோர்காரர் வளர்த்த செடி

பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் ஸ்டோர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கேட்லாக்’. காரணம் உண்டு. மெக்கானிக் எவனாவது கிரீஸ் அப்பிய ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து கவுண்டர்மேல் போட்டு, “இது என்னன்னே தெரியல, வண்டிக்கு அடியில கெடந்துச்சு” என்பான். ஸ்டோர்காரர் அதைப் பழந்துணியால் துடைப்பார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மரை உள்ளேயா வெளியேயா, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, துளை முழுசாகப் போகிறதா பாதியில் நிற்கிறதா என்று அந்தத் துண்டையே விசாரிப்பார். பிறகு எழுந்து போய், இருட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அலமாரியிலிருந்து அதன் புது அண்ணனை எடுத்துவந்து பக்கத்தில் வைப்பார்.

“எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டால், “இரும்புகிட்ட கேட்டா இரும்பே சொல்லும்” என்பார். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் அந்தக் கிடங்கில் அவர் இருந்த காலம் முழுக்க, பெயர் வைக்க முடியாத பொருள் என்று ஒன்று அவர் கையிலிருந்து திரும்பிப் போனதில்லை.

இரும்பிடம் இவ்வளவு கேள்வி கேட்டவர் வீட்டில் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சம்பளம் முழுசாக வீட்டுக்கு வரும். ஆனால் சுவருக்கு என்ன நிறம், மகள் எந்தக் கல்லூரி, கட்டில் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவாகி உள்ளே வரும். மனைவி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “அதெல்லாம் யோசிச்சாச்சு” என்பார். உண்மையாகவே யோசித்திருப்பார். அதுதான் கொடுமை. எதிர்த்து நிற்க ஒரு பிடியும் கிடைக்காது.

அந்த வீட்டில் மனைவிக்கென்று மிஞ்சியது இரண்டு இடம். ஒன்று, ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின். மற்றது, சமையலறைக்குப் பின்னால் கிடந்த மண்தரை. துணி துவைக்கும் கல்லும் ஒரு குழாயும் போக, இரண்டு கை அகலத்துக்கு மதில்வரை மண். அதில் அவள் எதையாவது நட்டுக்கொண்டிருப்பாள், எதிலாவது பூ இருக்கும். அவர் அங்கே போவது துண்டு காயப்போட மட்டும். பூக்களைப் பார்த்ததுண்டா என்றால், பார்த்திருப்பார். துண்டில் ஒட்டிய மகரந்தத்தைத் தட்டிவிட்டது நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகுதான் வினை. பகல் முழுக்க வீட்டில் இருக்கும் ஒரு ஸ்டோர்காரருக்கு, ஸ்டோர் இல்லாமல் எப்படிப் பொழுது போகும்? சமையலறையில் இறங்கினார். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். சர்க்கரை கடுகுக்குப் பக்கத்திலிருந்து பரணுக்குப் போனது. கைக்கு எட்டும் தட்டில் மாதம் ஒருமுறை எடுக்கும் பெரிய டப்பாக்கள், ஏணி போட்டு ஏறினால் உப்பு.

“உப்பு எடுக்க உங்ககிட்ட சீட்டு எழுதிக் குடுத்துட்டு வரிசையில நிக்கணுமா?” என்று மனைவி கேட்டாள்.

“பழகிட்டா சுளுவா இருக்கும்.”

“எனக்கு ஏற்கெனவே பழகியிருந்துச்சு.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்து மெஷினுக்குக் கீழிருந்த இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டு, ஊசி, பொத்தான், நடுவே குட்டிக் குட்டியாக மடித்த செய்தித்தாள் பொட்டலங்கள். எதன்மேலும் ஒரு எழுத்து இல்லை. பெயர் இல்லாத சரக்கு குப்பை என்பது பணிமனைச் சட்டம். அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார்.

சாயங்காலம் அவள் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியில் கையை விட்டுத் தேடினாள். அவர் எறிந்த பொட்டலங்கள் அத்தனையும் விதை. காய்ந்த பூவிலிருந்து வருஷா வருஷம் எடுத்து மடித்து வைத்தவை.

“கேட்டிருக்கலாமே” என்றாள்.

“எழுதி வச்சிருக்கலாமே” என்றார் அவர்.

அதோடு பேச்சு முடிந்தது. சண்டைகூட வரவில்லை. சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் அவருக்குத் தோன்றியது. இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்ததில் பின்னால் சிக்கியிருந்த ஒரே ஒரு பொட்டலம் கிடைத்தது. அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அந்தச் சமயம் மகளுக்கு இரண்டாவது பிரசவம். பஸ்ஸில் ஒரு மணிநேரத் தொலைவில் மகள் வீடு. கிளம்பும் நாள் காலையில் மனைவி கொல்லைப் பக்கம் போனாள். தேயிலை டப்பாவை எடுக்கச் சமையலறையில் நின்ற ஸ்டோர்காரர், அவள் குழாயடியில் கையில் படிந்த மண்ணைக் கழுவுவதைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு, “வரேன்” என்றாள். எப்போது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

குழந்தை பிறந்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது. அவள் வரவில்லை. போனில், “பாக்கலாம்” என்பாள். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்தார், ஒரு பக்கமும் பிடி கிடைக்கவில்லை.

மழை பெய்ததும் கொல்லையில் பச்சை எட்டிப் பார்த்தது. அவருக்குள்ளும் ஏதோ எட்டிப் பார்த்தது. விதை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வராத எண்ணம் உள்ளவள் விதை போடுவாளா? பூக்கும்போது பார்க்க வருவாள். இந்தக் கணக்கு அவருக்குப் பிடித்துப்போனது. தினமும் காலையில் டீ டம்ளரோடு போய்க் குந்திப் பார்த்தார்.

எது அவள் போட்டது? அங்கேதான் ஸ்டோர்காரரின் மூளை வேலை செய்தது. மதில் மூலையில் ஒரு முளை மட்டும் தடியாக, மற்றதையெல்லாம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. கூரை விளிம்புக்கு நேர் கீழே சின்னச் சின்னதாக ஒரு கூட்டம். அவை ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. அதற்கும் விடை வைத்திருந்தார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் கோடு அது. ஈரம் எங்கேயோ களை அங்கே. கூட்டமாக வருவது களை, ஒற்றையாக நிற்பது சரக்கு. கூட்டத்தை வேரோடு பிடுங்கி எறிந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி, ஒன்று மிச்சம் வைக்கவில்லை. மூலைச் செடிக்கு இடம் கிடைத்தது.

அது வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி. இடுப்பளவு, தோளளவு, பிறகு அவர் தலையைத் தாண்டி. மதிலில் சாக்பீஸால் கோடு போட்டு உயரம் குறித்தார். காற்றில் சாயாமலிருக்கப் பழைய இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, துணிக்கிழிசலால் கட்டினார். கம்பியால் கட்டினால் அறுக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தண்டைத் தொட்டபோது தானாகத் தோன்றியது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் பணிமனையிலேயே டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மதிலுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரியும்.

“என்ன ஸ்டோரு, வீட்டம்மா இல்லாத நேரமாப் பாத்துக் கஞ்சா போடுறீங்களா?”

“உங்க புத்தி அங்கதான போகும்.”

“இலை அப்படித்தான்யா இருக்கு. போலீஸ் வந்தா நான் மதிலுக்கு இந்தப் பக்கத்து ஆளு. முன்னாடியே சொல்லிட்டேன்.”

“அவ விதைச்சது. வீட்டுக்காரி.”

“பேரு என்ன?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாக்குறதுக்கு என்ன இருக்கு? போனைப் போட்டுக் கேட்டா முடிஞ்சுது.”

“கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்கு நான் எதுக்கு?” என்றார் ஸ்டோர்காரர்.

பூ வந்தபோது அவருக்கே ஆச்சரியம். இப்படி ஒரு அமைப்பை அவர் பார்த்ததில்லை. தண்டு நடுவே ஊடுருவிப் போக, அதைச் சுற்றி முள்முள்ளாக ஒரு பந்து. ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே இன்னொரு பந்து, அதற்கு மேலே இன்னொன்று. நீண்ட தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக பேரிங் ஏற்றி வைத்த மாதிரி. ஒவ்வொரு பந்திலிருந்தும் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் குழல்கள் வளைந்து வெளியே நீட்டின. விரலால் தடவினால் வெல்வெட் துணி. தண்டு உருண்டை இல்லை, சதுரம். நம்பாமல் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து நாலு பக்கமும் அளந்தார். இழைபிசகாமல் ஒரே அளவு. இலைகள் எதிரெதிரே ஜோடியாக, கீழ் ஜோடிக்கு மேல் ஜோடி குறுக்காக. அளவுக்கு அளவு, கோணத்துக்குக் கோணம். இவ்வளவு ஒழுங்கை இரும்பில்தான் பார்த்திருக்கிறார். இவள் இத்தனை வருஷம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா என்று முதல்முறையாக மனைவிமேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்தது. அந்த மதிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மகள் ஒருநாள் தனியாக வந்தாள். அப்பா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனாள்.

“அப்பா, நீங்களா?”

“உங்கம்மா போட்டது.”

“என்ன செடிப்பா இது, பயமா இருக்கு. அம்மாகிட்ட கேளுங்களேன். நான் வேணா போன் போட்டுத் தரேன்.”

“வேணாம். அவ வர்றதுக்குள்ள நானே கண்டுபிடிச்சிடுவேன்.”

மகள் சிரித்துக்கொண்டே செடியை, சாக்பீஸ் கோடுகளை, துணிக்கட்டை, பக்கெட்டோடு நின்ற அப்பாவை என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து போன்.

“ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்கப்பா. மெஷினை எடுத்துட்டுப் போகணுமாம். வேன் சொல்லியாச்சு.”

ஸ்டோர்காரர் ஜன்னலோரம் இருந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தார். மெஷின் போய்விட்டால் அவள் வருவதற்கு அந்த வீட்டில் ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

“இருங்க, முழுசாக் கேளுங்க” என்றாள் மகள். “செடி போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. குழாய் நட்டுக் கட்டினது யாருன்னு கேட்டாங்க. அப்பாதான்னேன். தண்ணி யாரு ஊத்துறான்னாங்க. அதுவும் அப்பாதான்னேன். நம்பல. அப்புறமா, ‘போய்ப் பாத்துட்டு முடிவு பண்றேன், வேனை எதுக்கும் வரச்சொல்லு’ன்னாங்க. அப்பா, கேக்குதா? பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொன்னாங்க.”

கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் வந்து நிற்கும்போது, இதுதானே நீ விதைத்தது என்று பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் போதும். விதைப் பொட்டலங்களுக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு இல்லை என்று அவருக்குப் பட்டது. மன்னிப்பை வாயால் கேட்பது என்ற வழி அவர் அலமாரியில் எந்தத் தட்டிலும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு கிளையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மெயின்ரோட்டு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து கருப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். கிளையை வாங்கினாள். பார்க்கவில்லை, தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினாள்.

“சதுரம்.”

“நாலு பக்கமும் ஒரே அளவு. வெர்னியர்ல பாத்துட்டேன்” என்றார்.

அவள் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “இலை எதிரெதிர். பூவுக்கு மேலொதடு, கீழொதடு. புதினாவுக்குச் சொந்தம் சார் இது. கிட்டத்துச் சொந்தமில்ல, தூரத்துச் சொந்தம். ஆளுயரம் வளந்திருக்குமே?”

“என்னைத் தாண்டிப் போச்சு.” ஸ்டோர்காரருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. “பேரு?”

“பேரா? ஊருக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நாங்க பந்துக்களைன்னு சொல்லுவோம்.”

“களையா?”

“களைதான். இடிச்ச கட்டடம், ரோட்டோரம், குப்பைமேடு, அங்கெல்லாம் நிக்கும். உங்க வீட்டுக்கு லாரியில மண்ணு கிண்ணு வந்து இறங்குச்சா?”

இறங்கியது. அவர் ஓய்வு பெற்ற புதிதில் கழிவுநீர்க் குழாய் மாற்றுவதற்காக மூலையைத் தோண்டி, வெளி மண் கொண்டுவந்து மூடியிருந்தார்கள். அவர்தான் நின்று மேற்பார்வை பார்த்தார்.

“இல்லம்மா. இது என் வீட்டுக்காரி விதைச்சது.”

“இதை யாரும் விதைக்க மாட்டாங்க சார். ஆள் வச்சுப் பிடுங்குவாங்க. அவங்க வெதச்சது வேற ஏதாவது மொளச்சிருக்கும். பக்கத்துல சின்னச் சின்னதா எதுவும் வரலையா?”

“வந்துச்சு. களை.”

“தண்டு எப்படி இருந்துச்சு?”

அவருக்கு மறக்கவில்லை. பொருளின் அடையாளம் எதையும் மறந்ததில்லை. “கண்ணாடிக் குழாய் மாதிரி. வெளிச்சத்துல வச்சா உள்ள தண்ணி தெரியும். அடியில லேசா செவப்பு. புடிச்சா படக்குன்னு ஒடியும்.”

“இலை நீட்டா, ஓரம் ரம்பம் ரம்பமா?”

“ஆமா. ஹேக்ஸா பிளேடு மாதிரி பொடிப் பல்லு.”

“பால்சம் சார் அது, காசித்தும்பை. எல்லாம் ஒரு வரிசையா நின்னுச்சா?”

“கூரைத்தண்ணி சொட்டுற கோட்டுல நின்னுச்சு.”

“வரிசையா எதுவும் தானா மொளைக்காது சார்” என்றாள் அவள், அடுத்த பைக்கு மண் அள்ளியபடி. குத்திக் காட்டவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஸ்டோர்காரருக்கு அந்த வரிசையைப் பிடுங்கும்போது கையில் ஒட்டிய ஈரம் நினைவுக்கு வந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

பிறகு, “பால்சம் இருக்கா? வளந்ததா?” என்று கேட்டார்.

“மொட்டு வச்சதே இருக்கு. என்ன கலர்?”

தெரியவில்லை. அந்தக் கொல்லையில் என்ன நிறம் பூத்தது என்று துண்டு காயப்போட்ட இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. “கலந்து குடுங்க” என்றார்.

சாயங்காலமே நட்டுவிட்டார். நூல் பிடித்து, இடைவெளி அளந்து, கூரை விளிம்புக்கு நேர் கீழே. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மிச்ச வேலை. மூலையில் அது நின்றது. பந்துக்குப் பந்து தேனீ. அவள் வந்ததும் முதலில் கண்ணில் படப்போவது இதுதான். களைக்குக் குழாய் நட்டுக் கட்டி, களைக்கு உயரம் குறித்து, தன் விதையைப் பிடுங்கி எறிந்த மடையன் என்று அவள் பார்க்கும் பார்வையை அவரால் இப்போதே பார்க்க முடிந்தது. துணிக்கட்டை அவிழ்த்தார். ஹேக்ஸாவால் அடியில் அறுத்தார். தண்டுக்குள்ளே வெள்ளையாக மெத்தென்று சோறு இருந்தது. இரண்டாக மடித்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“என்ன ஸ்டோரு, அறுவடையா?” என்றார் மதில்மேல் டிரைவர்.

“களையாம்.”

“நல்லாத்தானய்யா இருந்துச்சு” என்றார் டிரைவர். அவர் குரலில் கிண்டல் இல்லை.

பத்து மணிவாக்கில் வேன் வந்து நின்றது. மனைவி முன்சீட்டிலிருந்து இறங்கினாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், அது அவளுக்கு நன்றாக இருந்தது. வேன்காரனிடம், “செத்த இருங்க தம்பி, எடுக்கணுமா வேணாமான்னு சொல்றேன்” என்று சொன்னது உள்ளே நின்றவர் காதில் விழுந்தது.

“வா” என்றார்.

“ம்” என்றாள். ஹாலில் நிற்கவில்லை, மெஷினைப் பார்க்கவில்லை. நேரே சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். போனவள் மூலையைத்தான் பார்த்தாள். அதுவும் தரையை இல்லை, தலைக்குமேலே, செடியின் நுனி இருந்திருக்க வேண்டிய உயரத்தை. அங்கே மதிலும் சாக்பீஸ் கோடுகளும்தான் இருந்தன.

“எங்க?”

“அது களை.”

“எங்கன்னு கேட்டேன்.”

“காலைல வெட்டிட்டேன்.” ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கை கொடுத்தார். தண்டு சதுரம், இலை எதிரெதிர், பூவுக்கு இரண்டு உதடு, புதினாவுக்குத் தூரத்துச் சொந்தம், குழாய்க்குத் தோண்டி மூடிய லாரி மண்ணில் வந்தது, பெயர் பந்துக்களை. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அவள் முடியும்வரை கேட்டாள். “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“போட்டோவைப் பாத்ததுமே தெரியும், களைன்னு. குப்பைமேட்டுல நிக்கிறது எனக்குத் தெரியாதா?”

“அப்ப போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அன்னிக்கே பிடுங்கியிருப்பீங்க.”

அப்போதுதான் அவள் கூரை விளிம்புக்குக் கீழே பார்த்தாள். கிட்டே போய்க் குந்தினாள்.

“இது?”

“நீ போட்டது” என்றார். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தை. கொஞ்சம் உரக்க வந்துவிட்டது.

அவள் ஒரு செடியின் அடியைப் பிடித்து லேசாக இழுத்தாள். வேரும் மண்ணும் சேர்ந்து கருப்புப் பையின் வடிவத்திலேயே கையோடு வந்தது.

“நான் பையோடவா விதைச்சேன்?”

மதிலுக்கு அப்பால் டிரைவர் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“என்னோடது என்னாச்சு?”

“களைன்னு நெனச்சு…”

“எல்லாமேவா?”

“ஒண்ணு விடாம” என்றார். சொன்ன பிறகுதான், அதை எப்படிச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கையிருப்பைக் கேட்ட மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல் வந்திருந்தது.

அவளுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. சீக்கிரமே நின்றுவிட்டது.

“அதுக்குக்கூட எனக்குக் கோவம் வரலைங்க. தெரியாமப் பண்ணினது. நான்தான் சொல்லாமப் போனேன். ஆனா அந்த போட்டோவுல பக்கெட்டை வச்சுக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க… இன்னதுன்னு தெரியாத ஒண்ணுக்கு இந்த மனுஷன் இத்தனை மாசம் தண்ணி ஊத்தியிருக்காரா, துணியால கட்டியிருக்காரான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதைப் பாக்கத்தான் வந்தேன். களையா இருந்தா என்ன? பேரு தெரிஞ்சதுமே அறுத்துட்டீங்க.”

“களைதானே” என்றார் அவர். வேறு வார்த்தை கிடைக்காமல்தான் சொன்னார்.

“ஆமா. களைதான்.”

கையிலிருந்த செடியைக் குழியில் திரும்ப வைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். குழாயடியில் கை கழுவினாள். “இதுக்கு தெனம் ஊத்தணும். ஒரு வாரத்துக்கு மதிய வெயில் படாமப் பாத்துக்கணும்” என்று குழாயைப் பார்த்தபடி சொன்னாள். கொல்லையிலிருந்து நேரே வாசலுக்குப் போய், “எடுத்துக்கலாம் தம்பி” என்றாள்.

அவர் டீ போட்டிருந்தார். தேயிலை எந்த டப்பாவில் என்று தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். அவள் நின்றபடியே குடித்தாள். டம்ளரைக் கழுவி, பழைய பழக்கத்தில் ஜன்னல் திட்டில் வைக்கப்போய், அங்கே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, அது சொன்ன இடத்தில் வைத்தாள்.

மெஷினின் வாரைக் கழற்ற அவள் குனிந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். உதவிக்கு என்று வந்தவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“என்ன கலர்?”

“எது?”

“நீ போட்டது. பால்சம்.”

அவள் வாரைச் சுருட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு பதிலுக்காகக் காத்து நிற்பது அவளுக்கும் புதுசு. ஒரு கணம் அவள் வாய் திறந்தது.

“இப்ப எதுக்கு?”

“சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு.”

“ஞாபகமில்ல” என்றாள்.

எந்தப் பொட்டலத்தில் எது என்று மேலே எழுதாமலே அத்தனை வருஷம் வைத்திருந்தவள். பொய் என்று அவருக்குத் தெரிந்தது. அது பொய் என்று அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. சுருட்டிய வாரைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

வேன்காரன் மெஷினை ஒரு பக்கம் அசைத்துப் பார்த்துவிட்டு, “சார், நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. இரும்பு ஸ்டாண்டு, ஒத்தை ஆளால ஆகாது” என்றான்.

ஸ்டோர்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கே பிடித்தால் கனம் சமமாக வரும் என்று அவர் கைக்குத் தெரியும். தூக்கினார். மனைவி முன்னால் போய், அவர்கள் கால் இடறாமலிருக்க வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரம் தள்ளிவிட்டாள்.